முதலில் தடயம், பிறகு ரீபூட்

லினக்ஸ் சர்வர் நடுராத்திரியில் மக்கர் செய்தால் என்ன செய்வது என்பதில் பெங்களூருக்கு இரண்டு பரம்பரைகள் உண்டு. முதலாவது ஷிஃப்ட் பரம்பரை. எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் வெளிவட்டச் சாலை நெடுகிலும் உட்கார்ந்துகொண்டு, எந்தெந்த நாட்டிலோ இருக்கும் கம்பெனிகளின் சர்வர்களை இரவு பகலாகக் கவனித்துக்கொள்பவர்கள் இதைச் சேர்ந்தவர்கள். அலாரம் அடிக்கும், டிக்கெட் திறக்கும், கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒப்பந்தத்தில் எழுதிய நிமிடங்களுக்குள் சேவை திரும்பியாக வேண்டும். ஆகவே ரீஸ்டார்ட், அதற்கும் மசியாவிட்டால் ரீபூட்.

இரண்டாவது பரம்பரையில் ஆட்கள் குறைவு. 2000-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மின் லினக்ஸ் டெக்னாலஜி சென்டருக்காகப் பெங்களூரில் வேலை பார்த்த சில பொறியாளர்கள், கேப்ரோப்ஸ், கேடம்ப் என்ற இரண்டு வசதிகளை லினக்ஸ் கர்னலுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் உள்ளே எட்டிப் பார்க்க முதலாவது. விழுந்துபோன கர்னலின் நினைவகத்தை அப்படியே காப்பாற்றி வைக்க இரண்டாவது. சர்வருக்கென வரும் பெரிய டிஸ்ட்ரோக்கள் எதை எடுத்தாலும் இன்று இவை இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆக, கோளாறின் காரணத்தைக் கண்டுபிடிக்கக் கருவி செய்த ஊரும், காரணம் தேட நேரமில்லாமல் ஓடும் ஊரும் ஒன்றேதான்.

இந்த இரண்டில் எதன் பக்கம் நிற்பது? மூன்று கேள்விகளை வைத்து எடைபோடலாம். சேவை எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது? அதே கோளாறு மறுபடி தலைகாட்டாமல் இருக்குமா? கர்னலைக் கரைத்துக் குடித்தவருக்கு மட்டும்தான் இந்த வழி கைவருமா, இரண்டு வருட அனுபவத்தோடு நைட் ஷிஃப்டில் தனியாக இருப்பவருக்கும் கைவருமா?

ரீஸ்டார்ட்டைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் நியாயமில்லை. எந்தப் புரோகிராமானாலும் அதிகமாகச் சோதிக்கப்பட்ட நிலை அது துவங்கும் நிலைதான். எழுதியவர் தன் மேசையில் எத்தனையோ முறை அதைத் துவக்கிப் பார்த்திருப்பார். மூன்று மாதம் நிறுத்தாமல் ஓடவிட்டுப் பார்த்திருக்க மாட்டார். நினைவகம் கசிந்திருக்கட்டும், இரண்டு த்ரெட்கள் ஒன்றுக்காக ஒன்று காத்து உறைந்து நிற்கட்டும், மறுபடி துவக்கினால் எல்லாம் சுத்தமான நிலைக்குத் திரும்பிவிடும். ஸ்டான்ஃபோர்டின் ஜார்ஜ் கேண்டியாவும் அர்மாண்டோ ஃபாக்ஸும் 2003-இல் இதை ஒரு வடிவமைப்புக் கொள்கையாகவே முன்வைத்தார்கள். மென்பொருளை நிறுத்தும் ஒரே வழி அதைத் தடாலென்று விழவைப்பது, துவக்கும் ஒரே வழி விழுந்த இடத்திலிருந்து எழுப்புவது என்று வைத்துக்கொண்டால், எழுப்பும் வேலை வேகமாகவும் நம்பகமாகவும் நடக்கும் என்பது அவர்களின் வாதம். இன்றைய குபர்நெட்டிஸ் மனிதக் கை படாமல் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. பதில் சொல்லாத கன்டெய்னரைத் தானே முடித்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் துவக்குகிறது. முதல் கேள்வியில் ரீஸ்டார்ட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூன்றாவதிலும் முழு மதிப்பெண் அதற்கே.

சறுக்கல் இரண்டாவது கேள்வியில். 2012 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை இந்திய நேரம் 5:29:59-க்குப் பிறகு உலகக் கடிகாரத்தில் ஒரு லீப் நொடி சேர்க்கப்பட்டது. அடுத்த கணத்திலிருந்து பல நாடுகளில் லினக்ஸ் சர்வர்களின் சிபியு 100 சதவீதத்தில் போய் நின்றது. ஜாவாவும் மைஎஸ்க்யூஎல்லும் ஓடிய இடங்களில் அடி பலமாக விழுந்தது. அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்து பார்த்தவர்களுக்குப் பலன் இல்லை. ரீபூட் செய்தவர்களுக்குச் சரியாயிற்று. வேடிக்கை என்னவென்றால், ரீபூட்கூடத் தேவைப்படவில்லை. இப்போது என்ன நேரமோ அதையே மறுபடி சிஸ்டத்துக்குச் சொல்லும் ஒற்றை வரி டேட் கட்டளை போதுமானதாக இருந்தது.

காரணம் கர்னலுக்குள் இருந்தது. லீப் நொடிக்காக நேரத்தைக் கவனிக்கும் பகுதி தன் கடிகாரத்தை ஒரு நொடி பின்னே நகர்த்தியது. ஆனால் டைமர்களைக் கவனிக்கும் பகுதிக்கு அதைச் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு நொடி வித்தியாசம் விழுந்தது. கால் நொடி தூங்கிவிட்டு எழுகிறேன் என்று கேட்ட புரோகிராமுக்கு, நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது, எழுந்திரு என்று உடனே பதில் வந்தது. அது மறுபடி தூங்கக் கேட்டது, மறுபடி உடனே எழுப்பப்பட்டது. இப்படி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை. டேட் கட்டளை இரண்டு பகுதிகளையும் மறுபடி ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தது, சுழற்சி நின்றது. கர்னலின் நேரப் பகுதியைப் பராமரித்துவந்த ஜான் ஸ்டல்ட்ஸ் இதைக் கண்டறிந்து திருத்தினார்.

ரீபூட் செய்ததோடு தூங்கப் போனவரின் சர்வரில் அதே கர்னல் அதே ஓட்டையோடு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த லீப் நொடி 2015 ஜூன் இறுதியில் வந்தது. யாரோ ஒருவர் காரணம் வரை போனதால்தான் திருத்தம் கிடைத்தது. ரீபூட் செய்தவர்கள் அந்த உழைப்பின் பலனைக் கேட்காமலேயே பெற்றுக்கொண்டார்கள். எல்லாருமே ரீபூட்டோடு நின்றிருந்தால் 2015-லும் அதே விடியற்காலைதான்.

இனி இரண்டாவது பரம்பரைக்கு வருவோம். கேப்ரோப்ஸின் மூல நிரலைத் திறந்தால் தலைப்பிலேயே அதன் வரலாறு இருக்கிறது. 2002 அக்டோபரில் வம்சி கிருஷ்ணா முதல் வடிவத்தை எழுதினார். 2004-இல் சுபர்ணா பட்டாச்சார்யாவும் பிரசன்னா பஞ்சமுகியும் அதை வளர்த்தார்கள். அதே ஆண்டு 2.6.9 கர்னலோடு அது வெளிவந்தது. அதற்கு முன்பே ஐபிஎம்மிடம் டிப்ரோப்ஸ் என்ற பெரிய கருவி இருந்தது. அதன் வேர் ஓஎஸ்/2 காலத்தில் இருக்கிறது. அந்த மூட்டையை முழுசாகக் கர்னலுக்குள் ஏற்ற முடியவில்லை. 2000-இலேயே லினஸ் டோர்வால்ட்ஸ் தனக்கு டீபக்கர்கள் பிடிக்காது என்று வெளிப்படையாக எழுதியிருந்தார். நிரலைப் படித்து யோசிக்காமல் கருவியைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள் என்பது அவர் கவலை. பெங்களூர்க் குழுவின் புத்திசாலித்தனம், டிப்ரோப்ஸிலிருந்து மிகச் சிறிய உட்கருவை மட்டும் பிரித்தெடுத்ததில் இருக்கிறது. மொழி கிடையாது, திரை கிடையாது, அலங்காரம் கிடையாது. கர்னலின் ஏதோ ஓர் இடத்தில் ஒரு ஊசியைச் செருகலாம், அவ்வளவுதான்.

ஊசி வேலை செய்யும் விதம் அழகானது. எந்த ஃபங்ஷனைக் கவனிக்க வேண்டுமோ அதன் முதல் கட்டளையைக் கேப்ரோப்ஸ் நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. இன்டெல் வகைச் சில்லாக இருந்தால் அந்த இடத்தில் ஒரே ஒரு பைட் நீளமுள்ள பிரேக்பாயின்ட் கட்டளையை வைக்கிறது. ஓட்டம் அங்கே வந்ததும் நின்று நம்முடைய சிறு நிரலுக்குத் திரும்புகிறது. நாம் பார்க்க வேண்டியதைப் பார்த்துக் குறித்துக்கொண்டதும், நகலெடுத்த கட்டளை தனியாக இயக்கப்பட்டு ஓட்டம் பழைய பாதையில் தொடர்கிறது. கர்னலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம், ரீபூட் வேண்டாம், ப்ரொடக்ஷனில் ஓடும் சர்வரை நிறுத்தவும் வேண்டாம். மணிக்கு ஒருமுறை டேட்டாபேஸ் திணறுகிறது, சிபியுவும் நினைவகமும் சராசரியில் சாதுவாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தரவை டிஸ்கில் எழுதியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் எஃப்சிங்க் ஃபங்ஷனில் ஊசியைச் செருகி, அழைத்தது யார், எத்தனை மில்லிநொடி பிடித்தது என்று அச்சிட்டால், டேட்டாபேஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பேக்கப் ஏஜென்ட் கையும் களவுமாக மாட்டக்கூடும்.

ஆனால் பாராட்டுரையோடு நிறுத்தினால் அது திறனாய்வு ஆகாது. 2005 ஜனவரியில் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10 டிட்ரேஸ் என்ற கருவியோடு வந்தது. அதற்கென ஒரு மொழி இருந்தது. தவறான நிரல் கர்னலைக் கவிழ்த்துவிடாமல் தடுக்கும் பாதுகாப்பும் இருந்தது. சாதாரண அட்மின் ஒற்றை வரியில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கினார். லினக்ஸ் பக்கமோ வெறும் ஊசிதான் இருந்தது. அதைப் பயன்படுத்தக் கர்னல் மாட்யூல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். கேப்ரோப்ஸின் மேல் கட்டிய சிஸ்டம்டாப் கொஞ்சம் உதவியது; ஆனால் அதற்குக் கம்பைலரும் பருமனான டீபக் கோப்புகளும் தேவைப்பட்டன. ப்ரொடக்ஷன் சர்வரில் கம்பைலர் ஏற்ற எந்த செக்யூரிட்டி குழு சம்மதிக்கும்? கருவி கர்னலுக்குள் இருந்தும் ஏறக்குறைய பத்து வருடம் நைட் ஷிஃப்டின் கைக்கு எட்டவில்லை. 2015-இல் வந்த 4.1 கர்னலில் கர்னலுக்குள் ஓடும் இபிபிஎஃப் என்ற சிறு நிரல்களைக் கேப்ரோப்ஸோடு இணைக்கும் வசதி சேர்ந்த பிறகுதான் நிலைமை மாறியது. நிரலை ஏற்கும் முன்பே அது ஆபத்தானதா என்று கர்னல் சரிபார்த்துவிடும். இபிபிஎஃப்பின் மேல் கட்டிய பிபிஎஃப்ட்ரேஸ் வந்ததும் ஒற்றை வரிக் கேள்வி லினக்ஸிலும் சாத்தியமாயிற்று.

குறைகள் இன்னமும் உண்டு. கம்பைலர் வேறொன்றுக்குள் கரைத்துவிட்ட ஃபங்ஷனில் பெயரைச் சொல்லி ஊசி செருக முடியாது. இந்தப் பதிப்பில் இருந்த ஃபங்ஷன் பெயர் அடுத்ததில் மாறியிருக்கலாம். கர்னல்காரர்கள் அதற்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. நொடிக்குப் பல லட்சம் முறை ஓடும் இடத்தில் செருகினால் கோளாறைத் தேடப் போனவரே கோளாறாகிவிடுவார். சுபர்ணா சேர்த்த ஜேப்ரோப்ஸ் என்ற கிளையே பின்னாளில் தேவையற்றதாகி 2018-இல் விடைபெற்றது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வரம்பு: கோளாறு நடக்கும் நேரத்தில், சரியான கேள்வியை மனதில் வைத்திருக்கும் ஆள் சர்வருக்கு முன்னால் இருக்க வேண்டும். இரவு 3 மணிக்கு அந்த ஆள் இருப்பது அபூர்வம்.

கேடம்ப் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. கேப்ரோப்ஸைவிட அது பேசப்படுவது குறைவு. நவீனக் கருவிகளின் பளபளப்பும் அதற்கு இல்லை. ஆயினும் இரண்டில் ஆழமான சிந்தனை அதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

கர்னல் விழும்போது அதன் நினைவகத்தில்தான் எல்லாத் தடயமும் இருக்கிறது. ரீபூட் செய்தால் அது போச்சு. கேடம்புக்கு முந்தைய கருவிகள் விழுந்துகொண்டிருக்கும் கர்னலையே தன் நினைவகத்தை டிஸ்கில் எழுதச் சொல்லின. புத்தி பேதலித்த கர்னல், கெட்டுப்போன டிரைவரை வைத்துக்கொண்டு, நல்ல தரவு இருக்கும் டிஸ்கில் எழுதுகிறது! சாட்சியும் கெடலாம், சொத்தும் கெடலாம். ஐபிஎம் இந்தியாவின் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோரும் ஒரு கர்னலிலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தாவ உதவும் கேஎக்ஸெக்கை எழுதிய எரிக் பீடர்மனும் 2005-இல் ஆட்டவா லினக்ஸ் கருத்தரங்கில் முன்வைத்த வழி வேறு. சர்வர் துவங்கும்போதே நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதில் இன்னொரு சிறிய கர்னலைத் தயாராக வைத்துவிடுவது. முதல் கர்னல் விழுந்ததும் பயாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராக இரண்டாவதற்குத் தாவுவது. ஒதுக்கிய இடத்தில் மட்டுமே அது வாழ்வதால் பழைய நினைவகம் கலையாமல் கிடக்கிறது. அதை ஒரு கோப்பைப் போல வாசித்து, பத்திரமான இடத்தில் சேமித்துவிட்டு, பிறகே ரீபூட் ஆகிறது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் 2.6.13 கர்னலில் இது சேர்ந்தது.

விலை உண்டு. ஒதுக்கிய நினைவகம் விபத்து வரும்வரை சும்மா கிடக்கும். பெரிய சர்வருக்கு அது தூசி. 1 ஜிபி மட்டுமே உள்ள கிளவுட் மெஷினில் 200 எம்பி வலிக்கும். நினைவகம் டெராபைட் கணக்கில் இருந்தால் சேமிக்கும் நேரம் நிமிடங்களாக நீளும். காலிப் பக்கங்களை விட்டுவிட்டு எழுதும் மேக்டம்ப்ஃபைல் அதைக் குறைக்கிறதே ஒழிய ஒழிப்பதில்லை. சேமித்த கோப்பில் பாஸ்வேர்டும் வாடிக்கையாளர் தரவும் இருக்கலாம். அதைக் கண்ட இடத்தில் போட்டுவைக்கக் கூடாது. அமைத்துவிட்டு ஒருமுறை வேண்டுமென்றே கர்னலை விழவைத்துச் சோதிக்காவிட்டால், தேவைப்படும் நாளில் அது கைவிரிக்கும். சர்வர் விழாமல் வெறுமனே உறைந்து நின்றால், அதைக் கர்னல் விபத்தாகக் கருதும்படி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால்தான் கேடம்ப் விழித்துக்கொள்ளும்.

இவ்வளவும் இருந்தும் என் மூன்றாவது கேள்வியில் கேடம்ப் கேப்ரோப்ஸை வென்றுவிடுகிறது. தடயம் சேகரிப்பதையும் அதைப் படித்துப் புரிந்துகொள்வதையும் அது இரண்டு வேலைகளாகப் பிரித்துவிட்டது. இரவில் சேகரிப்பு தானாக நடக்கிறது. ஷிஃப்டில் இருப்பவர் எதையும் தெரிந்து வைத்திருக்கத் தேவையில்லை. சேவையும் திரும்பிவிடுகிறது. கர்னல் தெரிந்தவர் மறுநாள் காபி குடித்துக்கொண்டே கிராஷ் என்ற கருவியில் கோப்பைத் திறந்து படிக்கலாம். ரீபூட் பரம்பரைக்கும் காரணம் தேடும் பரம்பரைக்கும் சண்டையே வேண்டாம் என்று அது காட்டிவிட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். கர்னல் விழுவதெல்லாம் அபூர்வம். அன்றாடம் வரும் டிக்கெட்டில் பாதிக்கு மேல் டிஸ்க் நிறைந்தது, சர்ட்டிஃபிகேட் காலாவதியானது, டிஎன்எஸ் சொதப்பியது என்றுதானே இருக்கும்? உண்மைதான். அந்த அன்றாடத்திலேயே ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிஸ்க் 100 சதவீதம் என்று டிஎஃப் கட்டளை சொல்கிறது. டைரக்டரி டைரக்டரியாகக் கூட்டிப் பார்க்கும் டியூ கட்டளையோ பாதிக்குத்தான் கணக்குக் காட்டுகிறது. மீதி எங்கே போயிற்று? பழைய லாக் கோப்பை யாரோ அழித்திருக்கிறார்கள், ஆனால் ஜாவா புரோசஸ் அதை இன்னும் திறந்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருக்கிறது. பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. கடைசியாகத் திறந்து வைத்திருப்பவர் மூடும்வரை லினக்ஸ் அந்த இடத்தைத் திருப்பித் தராது. புரோசஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் சட்டென்று விடுபடும், டிக்கெட் மூடப்படும். சில வாரம் கழித்து அதே அலாரம், அதே ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட்டுக்கு முன் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ஒரே ஒருமுறை ஓட்டியிருந்தால், அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் அந்தக் கோப்பு பெயரோடும் அளவோடும் வரிசையில் நின்றிருக்கும். லாக்ரொட்டேட் அமைப்பில், கோப்பைச் சுழற்றியதும் புரோசஸுக்குத் தகவல் சொல்லும் ஓரிரு வரி சேர்த்தால் கதை முடிந்தது.

இந்தக் கோளாறுக்குக் கேடம்ப் கருவி உதவாது. கேடம்பின் விதி உதவும். கை வைக்கும் முன் தடயத்தை எடுத்துவிடு என்பது அந்த விதி. டிமெசேஜ் வெளியீடு, திறந்த கோப்புகளின் பட்டியல், நெட்வொர்க் இணைப்புகள், டிஸ்க் இடத்தோடு ஐநோடு எண்ணிக்கை, உறைந்து நிற்பது ஜாவா என்றால் அதன் த்ரெட் டம்ப். இவற்றை ஒரு ஸ்க்ரிப்டில் கட்டிவைத்தால் ஒற்றைக் கட்டளை, பெரும்பாலும் ஒரு நிமிட வேலை. கூடவே ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சிஸ்டம்டியின் ஜர்னல் சில டிஸ்ட்ரோக்களில் இயல்பாகவே நினைவகத்தில் மட்டும் வாழ்கிறது. ரீபூட் ஆனதும் அதுவும் காலி.

அந்த ஒரு நிமிடமும் கிடையாது என்பார்கள். காலை 9:15-க்குப் பங்குச் சந்தை திறக்கும் நேரத்தில் தரகு நிறுவனத்தின் சர்வர் திணறினால் அந்த நிமிடத்துக்கு விலை உண்டு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து சர்வர்களில் ஒன்று திணறினால் அதைக் கொல்ல வேண்டிய அவசியம் என்ன? லோடு பேலன்ஸரிலிருந்து கழற்றிவிட்டு அப்படியே வைக்கலாம், புதியதொன்றை எழுப்பலாம். குபர்நெட்டிஸிலும் பாட்டின் லேபிளை மாற்றிவிட்டால் டிராஃபிக் நின்றுவிடும், பாட் நின்ற கோலத்தில் இருக்கும். சேவையும் திரும்பும், தடயமும் தங்கும். ஒற்றை மாஸ்டர் டேட்டாபேஸ் உறைந்து நின்றால் மட்டும் வேறு வழியில்லை. அங்கே ரீஸ்டார்ட்தான் சரி, தானியங்கிப் பதிவுகள் விட்டுவைத்ததே தடயம்.

காரணம் கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பங்குத் தரகர்களின் தொழில்நுட்பக் கோளாறு பற்றி 2022 நவம்பரில் செபி வெளியிட்ட சுற்றறிக்கை, 1 மணி நேரத்துக்குள் தகவல், 14 நாளுக்குள் மூலகாரண அறிக்கை என்று விதித்தது. பெங்களூரில் இருந்து இயங்கும் பெரிய தரகு நிறுவனங்களுக்கும் அது பொருந்தியது. முதல் நிமிடத்தில் தடயத்தை அழித்துவிட்டு 14 நாள் உட்கார்ந்து எழுதும் அறிக்கையில் காரணம் இருக்காது. கற்பனை வளம்தான் இருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. ரீஸ்டார்ட் குற்றமல்ல, தடயம் எடுக்காத ரீஸ்டார்ட் குற்றம். கேப்ரோப்ஸ் அருமையான அடித்தளம், ஆனால் அதன் இன்றைய புகழில் பெரும் பங்கு பிறகு வந்த இபிபிஎஃப்புக்குச் சேரும். கேடம்ப் அவ்வளவு புகழ் பெறாவிட்டாலும் கோளாறு தீர்க்கும் வழியில் உயர்ந்தது, ஏனென்றால் அவசரத்தையும் உண்மையையும் அது ஒரே வரிசையில் நிறுத்துகிறது. பழியை நைட் ஷிஃப்டில் இருப்பவர் தலையில் கட்டுவதும் தவறு. சேவை எத்தனை நிமிடத்தில் திரும்பியது என்பதை மட்டும் ஒப்பந்தம் அளந்தால் அவர் அதைத்தான் செய்வார். அதே சர்வரில் அதே கோளாறு எத்தனை முறை திரும்பி வந்தது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதட்டும். அந்த எண்ணுக்கும் அபராதம் வைக்கட்டும். இந்த ஊரிலேயே எழுதப்பட்டு இருபது வருடமாகக் கர்னலில் கிடக்கும் கருவிகளை ஷிஃப்ட் அறைகள் அப்போது தாமாகவே தேடிவரும்.